ஹவாசு அருவி: இறங்கிப் போய் ஏறி வரும் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு ஒரு கணக்கு உடம்பிலேயே பதிந்திருக்கும். முதலில் ஏற்றம், அப்புறம் இறக்கம். மூன்றாவது மலையில் மூச்சு வாங்கினால் உட்கார்ந்து யோசித்துவிட்டுத் திரும்பிவிடலாம். திரும்பும் வழி இறக்கம்தான், பூண்டி வரைக்கும் கால் எப்படியும் கொண்டுவந்து சேர்த்துவிடும். அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்துப் பாலைவனப் பள்ளத்தாக்குக்குள் இருக்கும் ஹவாசு அருவிக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். போகும்போது இறக்கம். நான்காம் நாள், களைத்த காலோடு, முதுகில் மூட்டையோடு, கடைசி ஒன்றரை மைலில்தான் செங்குத்து ஏற்றம் வருகிறது. பாதியில் முடியவில்லை என்றால் திரும்பிப் போக இடம் பள்ளத்தின் அடிதான்.

அதனால் இந்தப் பயணத்தைக் கடைசி நாள் காலையிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும். எத்தனை கிலோ தூக்குவது, எந்த மாதம் போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது எல்லாவற்றையும் அந்த ஏற்றத்தை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

நான் பெருந்துறைக்காரன். மகள் ஃபீனிக்சில் வேலை பார்க்கிறாள். நம் பக்கத்தில் கோவை, ஈரோடு, திருப்பூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர் நிறைய. போய் மூன்று மாதம் அடுக்குமாடி வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டு வருகிறோம். உடம்பு ஒத்துழைக்கும் வயதில் இருக்கிறவர்கள் அந்த மூன்று மாதத்தில் நான்கு நாளை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் ஆசை. மலையேற்றம் பழகிய இளைஞர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அது யாருடைய ஊர்

கிராண்ட் கேன்யன் என்ற பெரும் பள்ளத்தாக்கின் கிளைப் பள்ளத்தாக்கு ஒன்றில் சுபாய் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஹவாசுபாய் என்ற பழங்குடி மக்களின் ஊர். அந்தப் பெயருக்கே 'நீலப்பச்சை நீரின் மக்கள்' என்றுதான் பொருள். ஊருக்குச் சாலை கிடையாது. நடந்து போகலாம், குதிரையிலோ கோவேறு கழுதையிலோ போகலாம், ஹெலிகாப்டரில் போகலாம். தபால்கூடக் கோவேறு கழுதை முதுகில்தான் போய் வருகிறது. அங்கிருந்து அஞ்சல் அட்டை அனுப்பினால் கழுதைத் தபால் என்று தனி முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்த அட்டை இருக்கிறது.

தலைமுறை தலைமுறையாக மேட்டு நிலத்திலும் பள்ளத்திலும் மாறி மாறி வாழ்ந்தவர்களை 1882இல் அரசு ஆணை ஒன்று 518 ஏக்கருக்குள் அடக்கியது. மேட்டு நிலத்தில் சுமார் 1,85,000 ஏக்கர் திரும்பக் கிடைக்க 1975 வரை போராட வேண்டியிருந்தது. நாம் இன்று கூடாரம் போடும் இடமும் அப்படித் திரும்பி வந்த நிலம்தான். இதைத் தெரிந்துகொண்டு போனால் அங்குள்ள விதிகள் எதுவும் கெடுபிடியாகத் தெரியாது. நாம் அங்கே ஒறம்பரை, விருந்தாளி. ஒறம்பரைக்குப் போன வீட்டில் நாம் எப்படி இருப்போமோ அப்படி இருந்துவிட்டு வர வேண்டும். வீடுகளையும் மனிதர்களையும் படம் எடுக்கக் கூடாது. மது, போதைப்பொருள், டிரோன், ஆயுதம், வளர்ப்பு நாய் எதுவும் கூடாது. விறகு மூட்டித் தீ வளர்க்கக் கூடாது. பாறையிலிருந்து தண்ணீருக்குள் குதிக்கக் கூடாது.

தண்ணீர் ஏன் அப்படி நீலமாக இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். போர்வெல் தண்ணீர் பிடித்து வைக்கும் குடத்தில் வெள்ளையாக ஒரு பொறுக்கு படியும் இல்லையா? கீசர் கம்பியில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளுமே, அதேதான். சுண்ணாம்புப் பாறை வழியாக ஊறி வரும் நிலத்தடி நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு ஊற்றாக வெளியே வருகிறது. காற்றுப் பட்டதும் கரைந்த சுண்ணாம்பு பிரிந்து படிகிறது. ஓடையின் அடியெல்லாம் வெள்ளையாக இருப்பதாலும், நுண்ணிய துகள்கள் தண்ணீரில் மிதப்பதாலும் வெளிச்சம் பட்டால் நீலப்பச்சையாகத் தெரிகிறது. ஓடையில் விழுந்த கிளையைச் சுற்றிக்கூடச் சுண்ணாம்பு படிந்து கல்லாகிவிடும். அருவிக்குக் கீழே படிப்படியாகத் தொட்டி கட்டியது போல நிற்கும் வரப்புகள் எல்லாம் இப்படித் தண்ணீரே கட்டியவை. தண்ணீர் வருடம் முழுக்கச் சுமார் 21 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. நம் கிணற்றுத் தண்ணீரைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி.

விசா முதலில், அனுமதி இரண்டாவது

இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஊரில் இருந்து போகிறவர்கள் சுற்றுலா விசாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் அருவிக்கான அனுமதியைத் தேட வேண்டும். நேர்காணல் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். அருவிக்கான அனுமதியில் கட்டிய பணமோ திரும்பி வராது. சுற்றுலா விசா நம்மவர்களுக்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுக்குக் கிடைக்கும். எனவே இந்த ஆண்டு விசா எடுத்துவிட்டு அடுத்த ஆண்டு போவது ஒன்றும் நஷ்டம் இல்லை.

அனுமதியைப் பழங்குடியினரே தங்கள் அதிகாரபூர்வ இணையதளத்தில் விற்கிறார்கள். ஒரு நாளில் போய்த் திரும்ப அனுமதி கிடையாது. கூடாரத்தில் மூன்று இரவு, அதாவது நான்கு நாள் என்பதுதான் கணக்கு. ஒருவருக்கு 400 டாலருக்கு மேல் ஆகும். ஆண்டுத் தொடக்கத்தில் அந்தப் பருவம் முழுவதற்குமான இடங்களைத் திறப்பார்கள், சில நிமிடங்களில் நல்ல மாதங்கள் தீர்ந்துவிடும். இதற்குச் செய்ய வேண்டியது: விற்பனை நாளை அவர்கள் தளத்திலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்குத் தொடங்கி, பெயர், பாஸ்போர்ட் விவரம், கார்டு எண் எல்லாம் ஒரு வாரம் முன்பே ஏற்றி வையுங்கள். உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம் திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். முதல் முறை நான் ஊரிலிருந்து முயன்றபோது, இடம் கிடைத்தும் கார்டு மறுக்கப்பட்டு இழந்தேன். அடுத்த ஆண்டு மகளின் கார்டில் போட்டோம்.

நேரக் கணக்கு எளிது. ஃபீனிக்ஸ், சுபாய் எல்லாம் இருக்கும் அரிசோனாவில் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. எப்போதும் நமக்கு 12½ மணி நேரம் பின்னால். அவர்களுக்குக் காலை 8 மணி என்றால் நமக்கு அன்று இரவு 8.30.

கிடைக்கவில்லையா, விட்டுவிடாதீர்கள். வர முடியாமல் போனவர்களின் இடங்கள் அதே தளத்தில் மறுபடி விற்பனைக்கு வரும். தினமும் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டே இருந்தால் நடுவாரத் தேதிகள் மாட்டும். வெளியாட்கள் யாரிடமும் அனுமதி வாங்காதீர்கள். யார் பெயரில் பதிவானதோ அவர் அடையாள அட்டையோடு நேரில் நின்றாக வேண்டும்.

எந்த மாதம்

கூடாரத் திடல் பொதுவாகப் பிப்ரவரி முதல் நவம்பர் வரை திறந்திருக்கும். நம்மவர்களுக்கு நான் சொல்வது ஏப்ரல் அல்லது அக்டோபர். பகல் இதமாக இருக்கும், இரவு மட்டும் குளிரும், நல்ல ஸ்லீப்பிங் பேக் வேண்டும். ஜூன் தொடங்கினால் வெயில் 38 டிகிரியை எளிதாகத் தாண்டும். ஈரோட்டு வெயில் பார்த்தவனுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் அந்த வெயிலில் புளியமரத்தடி இருக்கிறது, மோர்க்கடை இருக்கிறது, உடம்பு வேர்ப்பதாவது தெரிகிறது. பாலைவனத்தில் காற்று வேர்வையை உடனே உறிஞ்சிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும், உடம்பில் தண்ணீர் தீர்வது தெரியவே தெரியாது.

ஜூலை முதல் செப்டம்பர் வரை இன்னொரு காரணத்துக்காகத் தவிருங்கள்: வெள்ளம். நம் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்கிறோம். பெரும்பள்ளம், வரட்டுப்பள்ளம், குண்டேரிப்பள்ளம் என்று அணைகளுக்கே அந்தப் பெயர். வருடம் முழுக்க மணலாகக் கிடக்கும், மேற்கே மலையில் மழை பிடித்தால் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே 'பள்ளத்துல தண்ணி வருது' என்று சத்தம் போடுவார்கள். திருமூர்த்தி மலையில் பஞ்சலிங்க அருவிக்கு மேலே மழை பெய்தால் அடிவாரத்து அமணலிங்கேஸ்வரர் கோவிலைத் தண்ணீர் சூழ்ந்துகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஹவாசுவிலும் அதே கதைதான், அளவு மட்டும் பெரிது. எங்கோ மேட்டு நிலத்தில் பெய்த மழை, மண் பிடித்து நிறுத்தாத பாறை வழியாக ஒரே பாய்ச்சலாக வரும். 2008 ஆகஸ்டில் வந்த வெள்ளம் ஓடையின் பாதையையே மாற்றி, பழைய நவாஹோ அருவியை வறண்ட பாறையாக்கிவிட்டது. 2018 ஜூலையிலும் கூடாரவாசிகளை வெளியேற்ற வேண்டி வந்தது. 2024 ஆகஸ்டில் ஓர் உயிர் போயிற்று.

எந்த மாதம் போனாலும் கூடாரத்தைத் தண்ணீரை ஒட்டிப் போடாதீர்கள். இடம் ஒதுக்கித் தர மாட்டார்கள், கிடைத்த இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஓடை ஓரம் அழகாக இருக்கும், கைவிட மனம் வராது. ஆனாலும் மேடாகப் பாருங்கள், அங்கிருந்து இன்னும் உயரே ஏற வழி எது என்று வெளிச்சம் இருக்கும்போதே ஒரு தடவை நடந்து பார்த்து வையுங்கள். ஓடை நீலம் மாறிக் கலங்கினாலோ, சத்தம் கூடினாலோ, குப்பையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ சாமானைப் பார்க்காமல் ஏறிவிடுங்கள்.

சென்னிமலையில் பயிற்சி

தூரக் கணக்கு இது. வண்டி நிற்கும் ஹுவாலபாய் ஹில்டாப் என்ற மலை விளிம்பிலிருந்து சுபாய் ஊருக்கு 8 மைல். ஊரிலிருந்து கூடாரத் திடலுக்கு இன்னும் 2 மைல். மொத்தம் 10 மைல், நம் கணக்கில் 16 கிலோமீட்டர். விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,200 அடி, ஊர் சுமார் 3,200 அடி. முதல் ஒன்றரை மைலிலேயே கொண்டை ஊசி வளைவுகளில் சுமார் 1,000 அடி இறங்கிவிடும். அப்புறம் வறண்ட ஓடைப் படுகையில் சரளைக்கல்லும் மணலுமாக நீண்ட நடை.

குறைந்தது மூன்று மாதம் பயிற்சி வேண்டும். எனக்குச் சென்னிமலை பக்கம், அதனால் அங்கே போனேன். 1,320 படி. மருதமலையோ சிவன்மலையோ உங்களுக்கு எது பக்கமோ அது போதும். ஆனால் முறையை மாற்றிக்கொள்ளுங்கள். வண்டியை மலைப்பாதை வழியாக மேலே கொண்டுபோய் நிறுத்துங்கள். முதுகில் மூட்டையோடு படி வழியாக முதலில் இறங்குங்கள். கீழே சமதளத்தில் ஒரு மணி நேரம் நடங்கள். கால் சலித்த பிறகு ஏறுங்கள். பழகியதும் இரண்டு தடவை இறங்கி ஏறுங்கள். ஹவாசுவில் உடம்பு படப்போவது இந்த வரிசையில்தான்.

பைக்குள் நான் அரிசி போட்டுக்கொண்டேன். முதல் வாரம் 5 கிலோ, வாரம் ஒரு கிலோ கூட்டி 12 கிலோ வரை. விடிகாலை ஐந்து மணிக்கு அந்த மூட்டையோடு படி இறங்குகையில் எதிரே ஏறி வந்த ஒரு பெரியம்மா, "என்னுங்க, மூட்டையோட இறங்கறீங்க, வேண்டுதலுங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அது உண்மையும்கூட.

ஆறாவது வாரம் இடது கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, இறங்கும்போதுதான் ஒவ்வொரு படிக்கும் விரல் ஷூவின் முனையில் போய் முட்டியிருக்கிறது. மகளிடம் போனில் சொன்னபோது, "அப்பா, அரை சைஸ் பெருசா வாங்குங்க, லேஸைக் கணுக்காலுக்கிட்ட இறுக்கிக் கட்டுங்க, பாதத்துக்கிட்ட லூசா விடுங்க" என்றாள். அதோடு தீர்ந்தது. இறக்கம் நிறைந்த பயணத்துக்கு நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போவதும், புது ஷூவைக் குறைந்தது நூறு கிலோமீட்டராவது போட்டுப் பழக்கிவிட்டுப் போவதும் மிக முக்கியம். ஊன்றுகோல் ஒரு ஜோடி வாங்குங்கள். பூண்டி அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடி நம் முழங்காலை எப்படிக் காப்பாற்றுகிறது என்று வெள்ளியங்கிரி இறங்கியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மடக்கும் ஊன்றுகோலைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகலாம், மூங்கிலைக் கொண்டுபோக வேண்டாம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் தேய்மானம் இருக்கிறவர்கள் பயிற்சி தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஹெலிகாப்டர் இருக்கிறதே என்ற தைரியத்தில் போகாதீர்கள். அது எல்லா நாளும் பறப்பதில்லை, ஊர் மக்களுக்கே முதலிடம், காற்று பலமாக அடித்தால் பறக்காது.

மூட்டை

உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 65 கிலோ ஆளுக்கு 13 கிலோ, தண்ணீரும் சேர்த்து. சுமக்கக் கோவேறு கழுதையை ஏற்பாடு செய்துகொள்ளலாம், அதற்குத் தனிக் கட்டணம், ஒரு மூட்டைக்கு எடை வரம்பும் உண்டு. ஆனால் நம் மூட்டையை நாமே தூக்க முடிகிற அளவுக்குச் சுருக்குவதுதான் நல்லது என்பது என் எண்ணம். அந்த உயிர்கள் ஊருக்கு வேண்டிய தபாலையும் சாமானையும் சுமந்தால் போதும்.

கூடாரம், ஸ்லீப்பிங் பேக், பாய் மூன்றையும் அமெரிக்காவில் இறங்கியபின் வாடகைக்கு எடுக்கலாம். ஊரிலிருந்து சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை. ஷூ மட்டும் ஊரிலேயே வாங்கிப் பழகியது. அதோடு தண்ணீருக்குள் நடக்க, பின்பக்கம் பட்டை உள்ள செருப்பு ஒரு ஜோடி. ஹவாய் செருப்பு வேண்டாம், ஓடை பிடுங்கிக்கொண்டு போய்விடும். பருத்தி உடை ஈரமானால் காயாது, பாலியெஸ்டர் விளையாட்டு உடை நல்லது. திருப்பூரில் ஏற்றுமதி மிச்சம் விற்கும் கடைகளில் நான் எடுத்ததே போதுமானதாக இருந்தது. நெற்றியில் மாட்டும் லைட், தொப்பி, பிளாஸ்டர், பிடிமானம் உள்ள கையுறை, தண்ணீர் வடிகட்டி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து. இதில் ஓ.ஆர்.எஸ்ஸை மறந்தால் மற்றது எல்லாம் இருந்தும் பயனில்லை.

சாப்பாடு

விறகுத் தீ கூடாது என்பதால் சின்ன கேஸ் அடுப்புதான். கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்றக் கூடாது. லாஸ் வேகஸிலோ ஃபீனிக்சிலோ இறங்கியபின் வாங்குங்கள்.

நம் ஆட்கள் செய்யும் தவறு, ஊரிலிருந்தே எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போவது. அரிசி, விதை, பழம், உப்புக்கண்டம் இவற்றை அமெரிக்காவுக்குள் கொண்டுபோகாதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். கொண்டுபோகும் எந்த உணவுப் பொருளையும் படிவம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வாய்திறந்து சொல்லிவிடுங்கள். அரிசி, பருப்பு, அவல், நெய் எல்லாம் ஃபீனிக்ஸ் இந்தியக் கடைகளிலேயே கிடைக்கிறது.

எங்களுக்கு மூன்று இரவும் கை கொடுத்தது அரிசிம்பருப்புச் சோறுதான். வீட்டிலேயே ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் போட்டுவிட்டோம்: பச்சரிசி, மசூர் பருப்பு, வறுத்த சீரகம், மிளகு, மஞ்சள் தூள், காய்ந்த கறிவேப்பிலை, உப்பு. சாயந்திரம் அரை மணி நேரம் ஊற வைத்தால் கேஸ் மிச்சம். துவரம்பருப்பு போட்டால்தான் நம் ருசி வரும், ஆனால் குக்கர் இல்லாமல் சீக்கிரம் வேகாது. கொதித்து இறக்கும்போது ஒரு ஸ்பூன் நெய். செம்பாறைச் சுவர் இரண்டு பக்கமும் இருட்டிக்கொண்டு வர, மடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு அந்தச் சோற்றைத் தின்றபோது என் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. காலைக்கு அவலைச் சுடுதண்ணீரில் ஊற வைத்து நாட்டுச்சர்க்கரை. நடக்கும்போது கொறிக்கக் கடலை உருண்டை, உப்புப் போட்ட வறுகடலை. உப்பு உடம்புக்குத் தேவைப்படும்.

அணில்களைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. முதல் நாள் மதியம் குளிக்கப் போய்த் திரும்பிப் பார்த்தால், பையின் பக்கவாட்டில் ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக ஓட்டை. சுற்றிலும் நூல் துணுக்கு, உள்ளே ஒரு கடலை உருண்டை காணோம். சாப்பாட்டை மூடியுள்ள கெட்டி டப்பாவிலோ எலி கடிக்காத கம்பி வலைப் பையிலோ போட்டு மரத்தில் தொங்கவிடுங்கள். முதுகுப் பையை ஜிப் திறந்தபடி வெறுமையாக விடுங்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று அணிலே பார்த்துவிட்டுப் போய்விடும்.

வண்டி

லாஸ் வேகஸிலிருந்தோ ஃபீனிக்சிலிருந்தோ சுமார் நான்கு மணி நேர ஓட்டம். நீங்கள் ஓட்டுவதானால் நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வலப்பக்கம் ஓட்டிப் பழக அங்கே நகருக்குள்ளேயே ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். கிங்மனிலோ செலிக்மனிலோ டாங்க் நிரப்பித் தண்ணீரும் வாங்கிவிடுங்கள். பழைய 66ஆம் எண் சாலையில் பீச் ஸ்பிரிங்ஸுக்குப் பக்கத்தில் பிரியும் சாலை சுமார் 60 மைலுக்கு ஆளில்லா வெளியில் போய் மலை விளிம்பில் முடிகிறது. வழியில் கடை இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. இரவில் மாடும் மானும் குறுக்கே வரும், பகலில் ஓட்டுவதே பாதுகாப்பு. எங்கே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது உங்கள் அனுமதிக் கடிதத்தில் இருக்கும். அதை அச்சடித்துக் கையில் வைத்திருங்கள்.

அந்த நான்கு நாள்

வெள்ளியங்கிரியில் கைதட்டிச் சுனை, ஆண்டி சுனை என்று வழியெல்லாம் தண்ணீர் உண்டு. இங்கே விளிம்பிலிருந்து ஊர் வரை 8 மைலுக்குக் குடிநீர் ஒரு சொட்டு கிடையாது. ஆளுக்கு 3 லிட்டராவது சுமந்து போங்கள். விடிந்ததும் இறங்கத் தொடங்குங்கள். குதிரை, கழுதை வரிசை எதிரே வந்தால் பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் சுவர்ப் பக்கம் ஒதுங்கி, அவை தாண்டும் வரை அசையாமல் நில்லுங்கள். ஊருக்குள் சின்ன உணவுக்கடையும் மளிகைக்கடையும் உண்டு. அங்கே கொஞ்சம் உட்கார்ந்து ஓ.ஆர்.எஸ். குடித்துவிட்டு மீதி இரண்டு மைலை நடங்கள். கூடாரத் திடலுக்குச் சற்று முன்னால் வலப்பக்கம் ஹவாசு அருவி, சுமார் 100 அடி. மேலிருந்துதான் முதலில் தெரியும். நான் எழுதிக் காட்ட நினைத்துப் பல தடவை அழித்துவிட்டேன், போய்ப் பாருங்கள்.

குடிக்க ஓடைத் தண்ணீர் வேண்டாம். திடலில் ஃபெர்ன் ஊற்று என்று ஒரு குழாய் வருகிறது, அதையும் வடிகட்டியே குடியுங்கள். சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நூற்றுக்கணக்கானோர் ஒன்றாகத் தங்கும் இடத்தில் வாந்தியும் பேதியும் வேகமாகப் பரவும், அந்த உடம்போடு மலை ஏற முடியாது.

இரண்டாம் நாளை மூனி அருவிக்கும் அதற்கு அப்பால் பீவர் அருவிக்கும் வையுங்கள். மூனி சுமார் 200 அடி. அதன் அடிக்குப் போகும் வழிதான் இந்தப் பயணத்திலேயே கவனமாக இருக்க வேண்டிய இடம். சுண்ணாம்புப் பாறையில் குடைந்த இரண்டு சிறு குகைகளுக்குள் குனிந்து போக வேண்டும். வெளியே வந்ததும் பாறையில் அடித்த இரும்புச் சங்கிலி, கால் வைக்கக் குழி, அப்புறம் மர ஏணி. எல்லாமே அருவிச் சாரலில் எப்போதும் நனைந்தே இருக்கும். முகத்தைப் பாறைக்குக் காட்டியபடி இறங்குங்கள், மூன்று பிடி உறுதியாக இருந்தால் மட்டும் நான்காவதை எடுங்கள். சங்கிலியின் ஈரம் கையுறை வழியாகச் சில்லென்று ஏறியபோது என் முழங்கால் ஆடியது. கீழே நின்ற மகள், "அப்பா, வலது கால் இன்னும் ஒரு சாண் கீழே, அங்க குழி இருக்கு" என்று சொல்லச் சொல்ல இறங்கினேன். ஒருவர் இறங்கி முடித்தபின் அடுத்தவர் இறங்குவதே முறை. கூட்டம் வருவதற்கு முன் காலை 7 மணிக்குள் போய்விடுங்கள். பயமாக இருந்தால் மேலேயே நின்று பாருங்கள், அருவி முழுதாக அங்கிருந்தே தெரியும்.

மூனியிலிருந்து பீவர் வரை ஓடையைப் பல தடவை குறுக்கே கடந்து மூன்று மைல் போல நடக்க வேண்டும். மதியம் 1 மணிக்குள் திரும்பத் தொடங்கிவிடுங்கள்.

மூன்றாம் நாள் வேறு எங்கும் போகாதீர்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன். ஓடை கொலராடோ ஆற்றில் கலக்கும் இடம் வரை போகலாம் என்று கூட இருப்பவர்கள் கூப்பிடுவார்கள், திடலிலிருந்து போக மட்டுமே 8 மைல். மறுநாள் ஏற்றத்துக்கு வைத்திருக்கும் கால் பலத்தை அங்கே செலவழித்துவிடாதீர்கள். ஹவாசு அருவித் தொட்டியில் குளியுங்கள், சாப்பிடுங்கள், தூங்குங்கள். சாயந்திரமே மூட்டையைக் கட்டி, குப்பையைத் தனியாக ஒரு பையில் போட்டு இறுக்கி வையுங்கள். கொண்டுபோன ஒவ்வொரு காகிதமும் நம்மோடு மேலே ஏறி வர வேண்டும்.

நான்காம் நாள் இருட்டிலேயே எழுந்து கூடாரத்தைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் வந்ததும் நடங்கள். ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், சுபாயிலிருந்து புறப்படும்போது நிரம்பியிருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் பத்து நிமிடம் நிழலில் உட்காருங்கள். பத்து மணிக்குள் கொண்டை ஊசி வளைவுகளின் அடிக்கு வந்துவிட்டால் நல்லது. அங்கே மூட்டையை இறக்கி, ஷூவைக் கழற்றிக் காலைக் காற்றாட விட்டு, மிச்சம் இருக்கும் கடலை உருண்டையைத் தின்றுவிட்டு ஏறுங்கள். மேலே அண்ணாந்து பார்க்க வேண்டாம். அடுத்த வளைவு மட்டும் போதும். சென்னிமலையில் மூட்டையோடு இறங்கி ஏறிய ஒவ்வொரு காலையும் இங்கேதான் பலன் தரும்.

இன்னும் ஒன்று, முதல் நாளே செய்ய வேண்டியது. மலை விளிம்பில் குடிநீர் கிடையாது. அதனால் இறங்கும் முன் வண்டியின் டிக்கியில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு ஜோடி மாற்றுத் துணி, ஒரு பழைய செருப்பு வைத்துப் பூட்டுங்கள். நாங்கள் ஏறி வந்து டிக்கியைத் திறந்தபோது கேன் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மகள் முதலில் என் கையில்தான் ஊற்றினாள்.